நேரில் விசாரித்ததில்

ஆரணியில் நெய்த ஒரு பட்டுப்புடவை இன்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்குப் பல முத்திரைகளைச் சேர்த்தாக வேண்டும். பட்டுதான் என்பதற்கு, மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க். கைத்தறியில் நெய்ததுதான் என்பதற்கு, 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க். ஆரணிப் பட்டுதான் என்பதற்குப் புவிசார் குறியீடு. நெய்தவர் நெசவாளர்தான் என்பதற்கு அடையாள அட்டை. அந்த அட்டையில் இருப்பவர் அவரேதான் என்பதற்கு ஆதார். சில்க் மார்க் இருக்கிறதே, கைத்தறியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட முடியாது. விசைத்தறியில் ஓட்டிய அசல் பட்டுக்கும் அது கிடைக்கும். ஒரு முத்திரை பேசாத இடத்தில் இன்னொரு முத்திரை வந்து பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில்தான் எங்கள் தாத்தா வாழ்ந்தார். 1954 முதல் 1989 வரை வருவாய்த் துறையில் இருந்தவர். யார், எவர், எந்தத் தெரு, என்ன வருமானம், யாருக்கு யார் வாரிசு என்று அடுத்தவர்களைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டே 35 வருஷம் ஓட்டினார். கடைசிக் காலத்தில், தான் இன்னும் சாகவில்லை என்பதற்குச் சான்று தேடி அலைந்தார்.

எங்கள் குடும்பத்தில் தாத்தா பேச்சு எடுத்தால் எல்லோரும் ஒரே சுருதியில் ஆரம்பிப்பார்கள். "அந்தக் காலத்து மனுஷன். கை நீட்டினது கிடையாது." பெரியப்பா கூடவே சேர்த்துக்கொள்வார்: "இப்ப யார் இருக்காங்க அந்த மாதிரி?" தாத்தா கை நீட்டாதவர் என்பது உண்மை. அந்தக் காலத்து மனுஷர் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காலத்தை முழுதாகச் சொல்ல ஆரம்பித்தால் பெரியப்பா பாதியில் எழுந்து போய்விடுவார்.

தாத்தா குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது சென்னை ராஜ்ஜியம். ஆரணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைநகர் வேலூர். பல தாலுகாக்களில் சுற்றி, துணை தாசில்தாராகி, ஓய்வுக்குச் சற்று முன்பு தாசில்தார் ஆனார். பதவி உயர்வு ஆணையை ஒரு கையில் வாங்கி மறு கையில் பிரிவு உபசார மாலையை வாங்கியதாக அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் ஓய்வுபெற்ற 1989இல், செப்டம்பர் 30 அன்று, வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. ஆரணி, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்துக்குப் போனது. சுமார் 40 கிலோமீட்டரில் இருந்த மாவட்டத் தலைநகர் சுமார் 60 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போனது. நிர்வாக வசதிக்காக என்று அரசாணை சொன்னது. யாருடைய வசதி என்று தாத்தா கேட்கவில்லை. அரசாணையிடம் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை அவருக்கு.

சம்புவராயர்கள் ஆண்ட படைவீடு எங்கள் பக்கத்துப் படவேடுதான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள், மன்னர்கள் எல்லோரையும் எடுத்துவிட்டார்கள். "அறுநூறு வருஷம் கழிச்சு ராஜா ஊருக்குத் திரும்பி வந்தாரு. எட்டு வருஷத்துல டிரான்ஸ்பர் போட்டுட்டாங்க" என்றார் தாத்தா. பெயர் ஓரிடம், ஆள் ஓரிடம் என்பது ஆரணிக்காரர்களுக்குப் புதிதல்ல. 'ஆரணி ரோடு' என்ற ரயில் நிலையம் இன்றைக்கும் களம்பூரில்தான் இருக்கிறது. அதை நம்பி இறங்குகிறவர் அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் ஆரணிக்கு வர வேண்டும்.

அலுவலகத்தைத் தாத்தா வீட்டுக்குக் கொண்டுவந்தது கோப்புகளாக அல்ல, நடையாக. மளிகைச் சீட்டு எழுதினால்கூட மேலே 'பொருள்' என்று போட்டு, "மாதாந்திர மளிகை - கொள்முதல் செய்தல் - தொடர்பாக" என்று எழுதுவார். அதன் கீழே 'பார்வை': "இல்லத்தரசியின் வாய்மொழி அறிவுறுத்தல்." ஆயா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பதில் தபால்ல வருமா, நானே கடைக்குப் போவட்டா?" என்பார். துவரம்பருப்பு இரண்டு கிலோவுக்குப் பதில் மூன்று வந்துவிட்டால், மிகுதி ஒரு கிலோவுக்கு அடுத்த மாதச் சீட்டில் கழிவு காட்டப்படும். பிள்ளைகள் சினிமாவுக்குக் காசு கேட்டால் வாய்மொழியாகக் கேட்க முடியாது. அத்தை ஒருமுறை எழுதிக் கொடுத்த மனு, "படத்தின் பெயர் குறிப்பிடப்படவில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பெயர் எழுதித் திரும்பக் கொடுப்பதற்குள் தியேட்டரில் படம் மாறிவிட்டது.

அவருடைய நேர்மைக்கு ஊரில் இரண்டு விதமாகப் பெயர் இருந்தது. ஒன்று, வெளியே சொல்வது: "தங்கமான ஆபீசர்." இன்னொன்று, தெருமுனையில் பீடி பற்றவைக்கும்போது சொல்வது: "காசு வாங்கறவன் கிட்டயாவது காரியம் ஆவும்பா." கிராமத்துக்கு விசாரணைக்குப் போனால் குடிக்கத் தண்ணீரைக்கூடக் கூஜாவில் வீட்டிலிருந்து எடுத்துப் போவார். அதே மனிதர், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டாத மனுவை, மனுதாரர் இருபது மைல் நடந்து வந்திருந்தாலும், திருப்பி நீட்டிவிடுவார். இனிஷியல் மாறியிருந்தால் திருப்பிவிடுவார். 'கந்தசாமி' ஓரிடத்தில் 'கந்தசாமி முதலியார்' என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கேட்பார். எதிரில் நிற்கும் கந்தசாமி தன்னைவிடப் பெரிய ஆதாரத்துக்கு எங்கே போவார்?

அத்தை கல்யாணத்துக்குப் புடவை எடுத்த கதையை ஆயா சொல்லிக் கேட்க வேண்டும். பட்டு நெய்கிற ஊரில், எதிர் வீட்டிலேயே குழித்தறி இருக்கிறது. அங்கிருந்த நெசவாளி, தெருவில் வளர்ந்த பெண் என்ற பாசத்தில் கோர்வை போட்ட அரக்குச் சேலை ஒன்றை நெய்துகொண்டு வந்தார். "கூலி வேணாம் சார். நூலுக்கும் சரிகைக்கும் ஆனது மட்டும் குடுங்க."

"அது அன்பளிப்பு ஆகிவிடும். கூலியோடு சேர்த்து விலை சொல்லப்பா. பில் போட்டுக் கொண்டு வா."

"பில்லா? நான் நெய்யறவன் சார். கடைக்காரன் இல்ல. பில் புக்குக்கு நான் எங்க போவேன்?"

தாத்தா யோசித்தார். பிறகு தானே ஒரு தாளை எடுத்து, விற்பவர் இன்னார், வாங்குபவர் இன்னார், பொருள் இன்னது, விலை இவ்வளவு, பத்து மாதத் தவணை என்று அழகாக எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினார். நெசவாளிக்கு எழுதப் படிக்க வராது. இடது கைப் பெருவிரலில் மை தடவி, ஸ்டாம்பின் மேல் ரேகை வாங்கிக்கொண்டார். பத்து மாதமும் தேதி தவறாமல் பணம் போனது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு ரேகை.

அந்தத் தாள் இன்னும் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஸ்டாம்பின் மேல் இருப்பது ஒரு கறுப்புப் பொட்டு. ரேகை என்று சொல்லும்படி அதில் ஒரு கோடும் இல்லை. அறுந்த பட்டு இழையைத் திரித்துத் திரித்து ஒட்டி, விரல் அப்போதே வழவழத்துப் போயிருந்தது. அது அன்றைக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. அந்தப் பொட்டை யாரும் எந்தப் பதிவேட்டோடும் ஒப்பிடப் போவதில்லை. விரல் யாருடையது என்பது வாங்கியவருக்குத் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் கண் கலங்கும். "என்ன காலம்!" என்பார் பெரியப்பா. சரி, அந்தக் காலத்தின் தெருவுக்குள் கொஞ்சம் நடந்து பார்ப்போம்.

காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுவார்கள். இதுவரை நினைவுக் கட்டுரைகளில் வருவது. வராதது இனிமேல்தான். கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் கரைக்கான நாடாவை அந்தப் பக்கம் உட்கார்ந்து போட ஒரு துணை ஆள். அந்தத் துணை ஆள் பெரும்பாலும் எட்டு, பத்து வயதுப் பிள்ளை. அப்பா வாங்கிய முன்பணத்துக்காக இன்னொருவர் வீட்டுத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. முன்பணம் அடைந்த கதை அபூர்வம். வட்டி கிடையாது என்று முதலாளி சொல்வார், கூலியில் குறைத்துக்கொள்வார்.

தாத்தா தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது தறிக்குழிக்குள் இருந்த தலைகளை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மனுவில் விடுபட்ட ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண் அது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல்தான் வந்தது, தன் துறை வேறு, தன்னிடம் மனு வரவில்லை என்று மூன்று காரணங்களை அவர் வரிசையாகச் சொல்வார். மூன்றும் விதிப்படி சரி. பத்து வயதுப் பிள்ளை எங்கே போய் மனு எழுதும் என்று அத்தை ஒருமுறை கேட்டார். தாத்தா செய்தித்தாளைத் திருப்பினார்.

எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காலத்தின் இன்னொரு முகத்தைத் தாத்தாவே சொல்லியிருக்கிறார். கிராமத்தில் கர்ணம் இருந்தார், மணியக்காரர் இருந்தார். பெரும்பாலும் பரம்பரையாக ஒரே குடும்பத்தில் இருந்த வேலை. எந்த நிலம் யாருடையது, எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்பதெல்லாம் கர்ணம் வீட்டு மரப்பெட்டிக்குள் இருந்தது. கர்ணத்துக்கு உங்களைத் தெரியும் என்பது நல்ல செய்தியாக இருக்கலாம். உங்கள் பங்காளியை உங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தால் இல்லை. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒழித்தது. கணக்குகளைப் பெற்று வர அனுப்பப்பட்டவர்களில் தாத்தாவும் ஒருவர். ஒரு கிராமத்தில் கர்ணம் அடங்கலையும் சிட்டாவையும் மேசையில் வைத்துவிட்டு, "கணக்கு இதுல இருக்கு. ஊரு இதுல இருக்கு" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாராம். தாத்தா கணக்குக்கு ரசீது எழுதிக் கொடுத்தார். நெற்றிக்கு எப்படி ரசீது கொடுப்பது என்று தெரியவில்லை என்பார். பிறகு தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஊர் தெரியாது. ஊரில் பலருக்கு அதுவே பெரிய நிம்மதி.

தெரிந்து வைத்திருப்பதால் நல்லதும் நடந்தது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. கேட்டு வருகிறவர்களிடம் பிறந்த தேதிக்குச் சான்று இருக்காது. 1980 வாக்கில் ஒரு நெசவாளியின் விதவை வந்து நின்றாராம். வயதுக்கு ஆதாரம் இல்லை என்று மனு முதலில் திரும்பியது. இரண்டாம் முறை வந்தபோது தாத்தா பேனாவை மூடி வைத்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, காந்தியைச் சுட்ட சேதி வந்தப்போ உன் பெரிய பொண்ணு என்ன பண்ணிட்டிருந்தா?"

"தார் சுத்திக்கினு இருந்தா சாமி. அடுத்த தையில கட்டிக் குடுத்துட்டோம்."

"அவ பொறந்தப்போ உனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"ரெண்டு ஆடி போயிருந்துச்சு."

1948இல் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்றால் பதினைந்தாவது இருக்கும். அவள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் தாய்க்குக் கல்யாணம். அந்தக் கால வழக்கப்படி பதினாறு. காகித ஓரத்தில் கூட்டிக் கழித்து, "நேரில் விசாரித்ததில், மனுதாரருக்கு வயது 65 எனத் தெரிய வருகிறது" என்று எழுதினார். உதவித்தொகை வந்தது. காந்தியின் மரணத்தைச் சாட்சிக்கு அழைத்து ஒரு கிழவிக்குப் பணம் வாங்கிக் கொடுத்த பெருமை தாத்தாவுக்குக் கடைசி வரை இருந்தது.

ஆனால் விசாரிக்கிறவருக்கு யாரை எப்படி விசாரிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நெசவுத் தெருவில் பிறந்தவருக்கு நெசவுத் தெரு தெரிந்தது. ஆரணியைச் சுற்றிய கிராமங்களில் ஏரிக்கரை ஓரமாக இருளர் குடும்பங்கள் இருந்தார்கள். பழங்குடிச் சான்று கேட்டு வந்தால் அவர்களிடம் பத்திரம் இல்லை, பட்டா இல்லை, படித்த அண்ணன் இல்லை. "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்ல மேசையின் அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளைகள் சான்றுக்கு அலைந்து படிப்பை விட்டதுதான் நடந்தது. இன்றைக்கும் பல ஊர்களில் அந்த அலைச்சல் தீரவில்லை. தாத்தாவின் 'நேரில் விசாரித்ததில்' எத்தனை தூரம் நடந்தது என்று அளந்தால், தெரிந்த தெருக்களின் எல்லையில் அது நின்றுவிடும். அவருடைய நேர்மை அதற்கு அப்பால் லஞ்சம் வாங்கவில்லை. ஒன்றும் கொடுக்கவும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் தாத்தா உண்மையிலேயே பொதுமக்களுக்குப் பயன்பட்டார் என்பது என் எண்ணம். தாசில்தாராக இருந்தபோது பச்சை மையில் கையெழுத்துப் போட்டவர். ஓய்வுபெற்ற மறுநாளே பச்சை மைப் புட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார். பழக்கதோஷத்தில் மார்க் ஷீட் நகலோடு சான்றொப்பத்துக்கு வந்த பையன்களைத் திருப்பி அனுப்பினார். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார், காசு வாங்காமல். எந்த மனு எந்தக் காரணத்துக்குத் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? 35 வருஷம் திருப்பி அனுப்பியவர், இப்போது திரும்பி வராத மனுவை எழுதினார். "ஐயா எழுதினா ஒரே தடவையில ஆவுது" என்று ஊர் சொன்னது. இடைவேளையில் ஆரணி குப்புசாமி முதலியாரின் துப்பறியும் நாவல் ஏதாவது மடியில் இருக்கும். ரெயினால்ட்ஸ் நாவல்களைத் தமிழில் தழுவி எழுதிக் குவித்த அந்த ஆரணிக்காரரைத் தவிர வேறு எழுத்தாளரைத் தாத்தா மதித்ததில்லை. அந்த நாவல்களில் கடைசிப் பக்கத்துக்குள் எல்லோருடைய வாரிசு விவரமும் தெளிவாகிவிடும் என்பது காரணம்.

இப்போது அதே தெரு. தறிச்சத்தம் சில வீடுகளில் மட்டும். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இலேயே சட்டம் வந்தாயிற்று. அதை மீறாமல் இருக்கிறார்களா என்பதை விசைத்தறிச் சத்தம் கேட்கிற திசையில் போய்ப் பார்க்க வேண்டும். கோர்வைப் பிள்ளைகள் தறிக்குழியில் இல்லை. பள்ளிக்கூடம் போகிறார்கள். இது ஒன்றுக்காகவே 'இந்தக் காலம்' வாழ்க என்று சொல்லலாம். படித்து முடித்த பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு சிப்காட்டில் ஷூ தைக்கப் போகிறார்கள். பட்டுச்சேலை படம் வாட்ஸப்பில் போகிறது. பிடித்தால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வருகிறது. முன்பு ஒரு இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்து வாங்கினார்கள். இப்போது லேபிளைச் சுரண்டிப் பார்த்து வாங்குகிறார்கள்.

வருவாய்த் துறை மாறியதைத் தாத்தாவால் நம்பவே முடியவில்லை. ஒருநாள் எங்கள் நிலத்தின் சிட்டாவை இணையத்தில் எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன். மாதக்கணக்கில் அவர் மற்றவர்களைக் காக்க வைத்த அதே காகிதம். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து எங்கே?"

"வேண்டாம் தாத்தா. கம்ப்யூட்டர்லயே சரிபார்த்துக்கலாம்."

"யார் விசாரிச்சது?"

"யாரும் விசாரிக்க வேண்டியதில்லை."

காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, "ரொம்ப நல்லது. நாங்கள்லாம் எதுக்கு இருந்தோம்?" என்றார். கேலியா வருத்தமா என்று தெரியவில்லை. அவருடைய குறிப்புகளைப் போலவே அதற்கும் இரண்டு பொருள் கொள்ளலாம்.

பிறகு அவருடைய முறை வந்தது. ஓய்வூதியர் வருஷத்துக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய் நின்று கையெழுத்துப் போட்டால் போதும். 2014 நவம்பரில் மத்திய அரசு ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றைத் தொடங்கியது. எந்த ஊரிலிருந்தும் விரல் ரேகை வைத்தால் போதும், அலைய வேண்டாம். மிக நல்ல திட்டம். ரேகை உள்ளவர்களுக்கு.

தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டுக் கோப்புப் புரட்டிய விரல்கள். வலது கை எடுக்கவில்லை. இடது கை எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையானவள். "தாத்தா, கையைத் துடைச்சிட்டு வைங்க" என்றாள். "கொஞ்சம் எண்ணெய் தடவி வைங்க" என்றாள். "நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. நான்தான் பொறுமை இழந்தேன். "இதோ நிக்கிறார்மா, உயிரோட. உனக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுது சார். சிஸ்டம் எடுக்கலியே."

நான் குரலை உயர்த்துவதற்குள் தாத்தா என் கையைப் பிடித்தார். "சத்தம் போடாதே. அந்தப் பொண்ணு செய்யறது ரூல்படி சரி." பிறகு அவளிடம், தன் வாழ்நாளில் எத்தனையோ பேரிடமிருந்து கேட்ட அதே குரலில், "மேடம், வேற எதாவது வழி இருக்கா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் அவரிடமிருந்து அந்தக் குரலைக் கேட்டதில்லை.

வேறு வழி இருந்தது. வேறொரு மேசையில், படிவத்தில், நேரில் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். விதியிலேயே இருந்த வழி. அதைச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எதிர் வீட்டு நெசவாளிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ரேஷன் கடையில் ரேகை வைக்கும் முறை வந்தபோது அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அவள் விரலில் அரிசி வாங்கினார். "நான் நெய்த சேலைக்கு ஆதாரம் இருக்குது சார். எனக்குத்தான் இல்ல" என்றார்.

2018இல் தாத்தா காலமானார். அவர் எழுதிய வாரிசுச் சான்றுகளுக்குக் கணக்கே இல்லை. அவருடைய வாரிசுகள் நாங்கள்தான் என்று நிரூபிக்க நாங்கள் இணையத்தில் விண்ணப்பித்தோம். அது வந்துவிட்டது. சிக்கல் ஆயாவின் குடும்ப ஓய்வூதியத்தில். பணிப் பதிவேட்டில் ஆயாவின் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருந்தது. ஆதாரில் இல்லை. இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பதிவேட்டில் அந்த 'அம்மாள்' முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது, தாத்தாவின் கையெழுத்து. மனைவி பெயரை மரியாதை இல்லாமல் எழுத அவருக்கு மனம் வந்திருக்காது. அந்த மரியாதைக்கு விலையாக ஆயா மாதக்கணக்கில் காத்திருந்தார். கந்தசாமிகளின் சாபம் என்று அத்தை சொன்னபோது ஆயாவே சிரித்துவிட்டார்.

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்தவனுக்குக் கதவு திறந்தது, தெரியாதவன் ஏரிக்கரையில் நின்றான். இந்தக் காலம் கெட்ட காலம் என்றும் சொல்ல மாட்டேன். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, தெரு தெரியாது, யாரிடமும் காப்பி கேட்காது. ஆனால் தாத்தா காலத்தில் ஒரு வசதி இருந்தது. வேலை ஆகாவிட்டால் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். அவர் அதே ஊரில் குடியிருந்தார், மறுநாள் அதே தெருவில் நடந்தார், சில சமயம் வெட்கப்பட்டு மனசு மாறி, பேனாவை மூடி வைத்துவிட்டு விசாரித்தார். சிஸ்டத்துக்கு வெட்கம் கிடையாது.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரேகை விழாதவர்களுக்குக் கருவிழி, ஓ.டி.பி., நேரடிக் கையெழுத்து என்று மாற்று வழிகள் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றைக் கவுண்டரின் மேலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, "நேரில் பார்த்தேன், இவர் இருக்கிறார்" என்று எழுதும் அதிகாரத்தைக் கொடுங்கள். வாசகர்களுக்கு ஒன்று: வீட்டில் ஓய்வூதியர் இருந்தால் கவுண்டருக்கு இழுத்துப் போகாதீர்கள், தபால்காரரே வீட்டுக்கு வந்து உயிர்வாழ் சான்று எடுக்கும் வசதி 2020 முதல் இருக்கிறது. அதற்கு முன்னால், ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு, ஆதார் மூன்றிலும் கணவன் மனைவி பெயர்களும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எடுத்து வைத்துப் பாருங்கள். 'அம்மாள்' இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கட்டும்.